அறுபத்தொன்று முதல் அறுபத்தேழு வரை

ஒருத்தர் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போன பிறகு எவ்வளவு நேரம் கழித்து முற்றம் பெருக்கலாம் என்று உங்களுக்கு யாராவது சொல்லித் தந்திருக்கிறார்களா? எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. போன கையோடு தூத்தக் கூடாது, அதாவது பெருக்கக் கூடாது, பெருக்கினால் போனவர் திரும்ப மாட்டார் என்று மட்டும் எல்லோரும் சொல்வார்கள். போன கையோடு என்றால் எவ்வளவு, பத்து நிமிஷமா, ஒரு மணி நேரமா, அவர் தெருமுனை திரும்பும் வரையா, துறைமுகத்தில் படகு ஏறும் வரையா, அது தெரிய வேண்டாமா? எட்டாம் வகுப்பு வரை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன், பூமியில் கடல் எத்தனை பங்கு தரை எத்தனை பங்கு என்று சொல்லித் தந்தார்கள், இதை விட்டுவிட்டார்கள். இப்போது மணி பத்தேகால். கையில் வாரியல். கோயிலுக்குப் பின்னால் முன்பு படிப்பகமாக இருந்த கட்டடம் இப்போது அருங்காட்சியகம், வாரத்தில் ஆறு நாள் பத்து மணிக்குத் திறந்து, பெருக்கி, கண்ணாடி துடைத்து, வருகிறவர்களிடம் நோட்டில் கையெழுத்து வாங்கி, ஒரு மணிக்குப் பூட்டுவது என் வேலை. வாரியல் தரையில் பட்டதும் தினமும் அந்தக் கேள்வி வந்துவிடும். இன்று கூடுதலாகவே வருகிறது, ஏனென்றால் இன்று மாமி வருகிறாள். மாமி என்றால் பிரகாசி, என் வீட்டுக்காரர் கிளீட்டஸைப் பெற்றவள். நேற்று சாயங்காலம் என் வாசலில் நின்றபடியே சொன்னாள்: “சனிக்கெழம பெட்டி வைக்கப் போறோம் பிள்ளே. சாமியார்ட்ட சொல்லியாச்சு. அவனுக்க உடம்பு பட்டது ஒண்ணு வேணும். நாளைக்கு மீன் வித்துட்டு நானே அங்க வாறேன்.” நான் சிரித்தேன். சிரிக்கிற விஷயமா அது? ஆனால் நான் எதற்கும் சிரிக்கிறவள்தான், பிரசவ வலியிலும் நர்சிடம் ஏதோ சொல்லிச் சிரித்தேன் என்று இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் சொல்வார்களாம். மாமி சிரிக்கவில்லை. போய்விட்டாள்.

பெருக்கி முடித்தால் துடைக்க வேண்டும். அலமாரிகளெல்லாம் மூடிப்போன ஒரு மருந்துக் கடையிலிருந்து வந்தவை, ஒரு கண்ணாடியின் மூலையில் இருமல் மருந்து ஸ்டிக்கர் பாதி இன்னும் ஒட்டியிருக்கிறது, நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்து விட்டுவிட்டேன். இதை ஆரம்பித்தவர் பயஸ் சார், பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கம் வெள்ளி வேண்டாம், சிலை வேண்டாம், வீட்டில் தினமும் கை பட்ட சாமான் மட்டும் கொண்டுவாருங்கள் என்று கோயிலில் அறிவிப்பு வாசித்தபோது ஊரே சிரித்தது, பிறகு ஊரே கொண்டுவந்து கொட்டியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், ஒரு அட்டை. அட்டையில் மூன்று வரி, பொருள், பயன்பாடு, காலம். இருபத்தேழாம் நம்பர் அலுமினியச் சட்டி, அட்டையில் ‘மீன் சுமத்தல்’ என்று இருக்கிறது. மீன் நாறுகிறது என்று பஸ்ஸில் ஏறவிடாத கண்டக்டரின் மண்டையில் அதன் சொந்தக்காரி ஒரே போடாகப் போட்டதில் விழுந்த பள்ளம் பக்கவாட்டில் தெரியும், அதை எழுதவில்லை. பன்னிரண்டாம் நம்பர் சோப்புப் பெட்டி, அதற்குள் ஒருத்தி ஐந்து பிள்ளைகளின் முதல் பல்லையும் போட்டு வைத்திருந்தாள், சார் பல்லையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார், பெட்டியைக் குலுக்கினால் இப்போதும் ஏதோ சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். முப்பத்தொன்பது ஒரு பெஞ்சு. பிள்ளைகள் அதில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள், அந்த வீட்டில் செத்தவர்களை அதில்தான் குளிப்பாட்டினார்கள், அட்டையில் ‘அமர்தல்’. நான் அதைத் துடைக்கும்போது நடுப்பலகையை மட்டும் வேகமாகத் துடைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். என் மகள் ஜெனிலாவுக்கு மூன்றரை வயது, அவளுக்கு அந்தப் பெஞ்சுக்கு அடியில்தான் வீடு. இப்போதும் அங்கேதான் படுத்துக்கொண்டு, செருப்பைக் காதில் வைத்து யாருடனோ போன் பேசுகிறாள். “மீனா? மீன் வேண்டாம். முட்டை போதும்.” யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டேன். “உனக்கு எதுக்கு?” என்றாள். அப்படியே அவர் வாய்.

அவர் வாய் எனக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது. அவர் போனபோது இவள் வயிற்றில் ஐந்து மாசம். கார்த்திகைக்குப் பத்து நாள் இருந்தது, விடிந்தும் விடியாத நேரம், பத்துப் பதினைந்து நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கலுக்குப் புறப்படுகிறார், டார்ச்சுக்குப் பேட்டரிக் கட்டை கிடைக்கவில்லை என்று அடுக்களையில் துழாவிச் சீனி டப்பாவைக் கவிழ்த்துவிட்டார். தரையெல்லாம் சீனி. “ஏட்டி, எறும்புக்கெல்லாம் கல்யாணச் சாப்பாடு போட்டாச்சு, நல்லா கவனிச்சு அனுப்பு” என்று சொல்லிவிட்டு டார்ச்சை மேசையிலேயே வைத்துவிட்டு, பையைத் தோளில் போட்டு முற்றத்தில் இறங்கினார். ஈர மணல். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று அவர்களுக்கும் ஏதோ சட்டம் இருக்கிறது. தெருமுனையில் பைக் வந்தது, ஏறிப் போனார். நான் உள்ளே வந்தால் எறும்பு. சீனியை வாரினேன். வாரியல் கையில் இருந்தது, அடுக்களையைப் பெருக்கினேன், அறையைப் பெருக்கினேன், கை ஓடுகிற வேகத்தில் முற்றத்துக்கும் வந்துவிட்டேன். வேலை செய்கிற கை அது, அதற்கு என்ன தெரியும். குனிந்து பெருக்கிக்கொண்டே வாசல்வரை போய் நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, படியிலிருந்து தெருவரைக்கும் ஈர மணலில் வரிசையாக இருந்த அவர் கால்தடம் ஒன்றுகூட இல்லை, வாரியல் இழுத்த கோடுதான் வளைந்து வளைந்து கிடக்கிறது. மணி பார்த்தேன். அவர் போய் இருபது நிமிஷம். இருபது நிமிஷம் போன கையோடா இல்லையா? சரி போ என்று, இதற்கெல்லாம் யார் பயப்படுவது என்று, அவர் கழற்றிப் போட்டிருந்த சட்டையையும் சாரத்தையும், கைலியைத்தான் சொல்கிறேன், சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவும் போட்டேன். கொடியில் துணி சொட்டிக்கொண்டிருக்கும்போது மாமி வந்தாள், கையில் நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில், மகனுக்குக் கொடுக்க வந்தவள் பிந்திவிட்டாள். முற்றத்தில் கால் வைக்காமல் தெருவிலேயே நின்றாள். தரையைப் பார்த்தாளா, கொடியைப் பார்த்தாளா? “போயிட்டானா” என்றாள். “போயிட்டாங்க மாமி” என்றேன். பாட்டிலை மதில்மேல் வைத்துவிட்டுப் போனாள். பார்த்திருப்பாளா? இந்த நாலு வருஷத்தில் எத்தனை தரம் இதைக் கேட்டிருப்பேன். பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள், மாமி வாயில் எதுதான் நிற்கும், மீன்கடைச் சண்டையில், செத்துப்போன சம்பந்தியைக்கூட எழுப்பிக் கொண்டுவருவாள். பார்க்கவில்லை. பார்த்திருக்க மாட்டாள். பார்த்திருப்பாள்.

ஒன்பதாம் நாள் புயல். பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டாம், கடல் பக்கத்து ஊரில் அது எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் நடக்கும், ஹெலிகாப்டர், மைக், பேர் வாசிப்பு, கோயிலில் படுக்கை. படகில் பத்துப் பேர், எங்கள் ஊரிலிருந்து மூன்று பேர். ஒரு பலகை கிடைத்தது, படகின் பேரில் பாதி எழுத்து அதில் இருந்தது. ஆள் கிடைக்கவில்லை. ஆள் கிடைக்காவிட்டால் எங்கள் ஊரில் பெட்டி வைப்போம், சவப்பெட்டிக்குள் அவருடைய சட்டையோ சாரமோ எதையாவது வைத்து, பூசை வைத்து, கல்லறையில் இறக்குவோம். கடையில் வாங்கின புதுத்துணி ஆகாது, உடம்பு பட்டதாக இருக்க வேண்டும். மற்ற இரண்டு வீட்டிலும் முதல் வருஷமே பெட்டி வைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் நான் போனேன். தூக்கினவர்கள் கனம் இல்லாத பெட்டியைக் கனமாக இருக்கிற மாதிரி தூக்கிக்கொண்டு போனார்கள். அப்போதே முடிவு செய்துவிட்டேன், என் வீட்டில் இது வேண்டாம். அவர் வருவார் என்று இல்லை. நான் ஒன்றும் பைத்தியம் இல்லை. வரமாட்டார், ஜெனிலாவின் செருப்பு அளவு எனக்குத் தெரிகிற மாதிரி அதுவும் தெரியும். ஆனால் பெட்டியை இறக்கிவிட்டால் அவர் திரும்பாதது முடிந்துபோன காரியம் ஆகிவிடும், அது முடிந்துபோனால் நான் பெருக்கினது பெருக்கினதுதான் என்று ஆகிவிடும். இறக்காதவரைக்கும் என் வாரியல் வெறும் வாரியல். மாமி ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கேட்பாள், நான் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பேன், கொஞ்சம் போகட்டும் என்பேன். அப்போதுதான் பயஸ் சாரின் அறிவிப்பு வந்தது, எனக்கு மூளை வேலை செய்தது. வாடகை வீடு, அவர் விட்டுப்போனது மொத்தம் ஏழு சாமான். நீலக் கட்டம்போட்ட சட்டை, சாரம், பேர் வெட்டின சோற்றுத்தட்டு, டார்ச், வலை பின்னுகிற ஊசி, முகம் வழிக்கிற செட், சீப்பு. ஏழையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். “சார், பதிவேட்டில எழுதிட்டா யாரு கேட்டாலும் திருப்பித் தர முடியாதுல்லா?” என்றேன். சாருக்குப் பெருமை தாங்கவில்லை. “முடியவே முடியாதும்மா. நானே நினைச்சாலும் முடியாது. கமிட்டி கூடணும்” என்றார். சாமானில் நம்பர் எழுதினால் அழியாமல் இருக்க முதலில் நிறமில்லாத நகப்பாலிஷ் ஒரு பூச்சு பூசி, அது காய்ந்த பிறகுதான் எழுதுவார், அன்றைக்கு அவரிடம் பாலிஷ் தீர்ந்துவிட்டது, நான் வீட்டுக்கு ஓடிப்போய் என் கல்யாணத்துக்கு வாங்கின பாட்டிலை எடுத்துவந்தேன். அறுபத்தொன்று முதல் அறுபத்தேழு வரை. துணிகளில் நாடா தைத்து அதில் நம்பர். “காலம்னு என்ன போட? எப்ப இருந்து எப்ப வரைக்கும்?” என்று கேட்டார். “அதப் போடாதீங்க சார்” என்றேன். போடவில்லை. இங்கே இருக்கிற அட்டைகளில் இந்த ஏழில் மட்டும் காலம் என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, பிறகு வெறும் வெள்ளை. ஊரில் இதைக் கெட்டிக்காரத்தனம் என்று யாரும் சொல்லவில்லை, நான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் சார் என்னையே வேலைக்கும் வைத்துக்கொண்டார். தினமும் துடைக்கிறேன். சீப்பில் ஒரு முடிகூட இல்லை, நம்பர் போடுவதற்கு முன்னால் நானே டெட்டால் போட்டுக் கழுவிவிட்டேன். என்ன கை இது.

பதினொன்றரைக்கு ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள், மார்த்தாண்டம் பக்கம். கடல் பார்க்க வந்தவர்கள், வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறார்கள். “இந்த டார்ச்சா பழசு? எங்க வீட்டுல இதே டார்ச்சு பரண்ல கெடக்கே” என்றாள் அந்தப் பெண். “அப்ப நம்ம வீட்டையும் காட்சிக்கு வச்சிரலாம், முதல்ல உன்னை உள்ள வச்சிப் பூட்டணும்” என்றார் அவர். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பெண் கண்ணாடிக்குள் குனிந்து, “இதுல மட்டும் காலம் எழுதலியே, இந்தச் சட்டைக்காரர் யாரு?” என்றாள். “தங்கலுக்குப் போயிருக்காரு” என்று என் வாய் சொன்னது. வாய்தான் சொன்னது, நான் இல்லை. “எங்கப்பா” என்று பெஞ்சுக்கு அடியிலிருந்து ஜெனிலா தலையை நீட்டினாள். “எங்க பாப்பா உங்கப்பா?” “அங்க” என்று அலமாரியைக் காட்டினாள். “எங்கப்பாவுக்கு அறுவத்தொண்ணு.” வயது என்று நினைத்து அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் நோட்டை நீட்டினேன், “கையெழுத்து போடுங்க அக்கா.” அவர்கள் போன பிறகும் ஜெனிலா அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தினமும் காலையில் அந்தக் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தி ‘அப்பா, வந்துட்டேன்’ என்பாள், மூக்கு பட்ட இடத்தில் ஒரு சின்ன வட்டம் விழும், நான் துடைப்பேன். ஒருநாள் அந்தச் சீப்பால் தலை வாரிவிடச் சொல்லி அழுதாள். அது எடுக்கக் கூடாதும்மா, நம்பர் போட்டது என்றேன். இவளுக்கு அப்பா என்றால் கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறவர், தொடக் கூடாதவர், ஒரு மணிக்குப் பூட்டப்படுகிறவர். அப்படி நான் செய்து வைத்திருக்கிறேன். மாமியைத் தடுக்கப் போய் இவளுக்கு ஒரு அப்பாவைச் செய்துவிட்டேன், அந்த அப்பாவும் வரப்போவதில்லை. இந்த யோசனை வரும்போது நான் எழுந்து ஏதாவது துடைப்பேன். எழுந்தேன். துடைத்தேன்.

பன்னிரண்டுக்கு முன்பே மீன் வாடை வந்தது, பிறகுதான் மாமி வந்தாள். காலிச் சட்டியைப் படியில் கவிழ்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் தடவையாக உள்ளே வந்தாள். மேசையில் அட்டை எழுதிக்கொண்டிருந்த சாரிடம் நேராகப் போனாள். “ஓய் சாரே, எனக்க மவனுக்க சட்டைய எதுக்கு ஓய் செயில்ல போட்டு வச்சிருக்கீரு?” சார் பேனாவை மூடினார். “பிரகாசி, அது பதிவேட்டுல ஏறின சாமான். கமிட்டி கூடித்தான் வெளிய எடுக்க முடியும்.” “கமிட்டி கூடியா நான் அவனப் பெத்தேன்?” சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார், “திருப்பித் தர முடியாதபடி எழுதச் சொன்னது டெல்பின்தான்.” டெல்பின் நான்தான். மாமி என்னைப் பார்த்தாள். இப்போது திட்டுவாள், நல்லது, திட்டினால் நானும் திட்டலாம், சத்தம் போடலாம், ஒரு மணி ஆகிவிடும், பூட்டிவிடலாம். திட்டவில்லை. அலமாரி முன்னால் போய் நின்றாள். “சீப்பையுமா வச்சிருக்க” என்றாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. “என்ன எழுதிப் போட்டிருக்கு, வாசி.” வாசித்தேன். “பொருள், மீனவர் ஒருவரின் சீப்பு. பயன்பாடு, தலை வாருதல். காலம்…” “காலம்?” “ஒண்ணும் எழுதல மாமி.” மாமி வலது கையை அகல விரித்துக் கண்ணாடியில் வைத்தாள். சட்டைக்கு நேராக. நெடுநேரம் வைத்திருந்தாள், பிறகு எடுத்தாள். மீன் எண்ணெயில் ஐந்து விரலும், உள்ளங்கை ரேகையும், சுண்டுவிரலில் பழைய கத்தி வெட்டும் அப்படியே கண்ணாடியில் நின்றது. என் கையில் துணி இருந்தது. யோசிக்கவே இல்லை, கை நீண்டு போய் அதைத் துடைக்க ஆரம்பித்துவிட்டது, இரண்டு விரல் போய்விட்டது. மாமி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தினேன். மூன்று விரல் மிச்சம் இருந்தது. வீட்டுச் சாவியோடு சேர்த்து இடுப்பில் செருகியிருந்த அலமாரிச் சாவியை எடுத்தேன். “டெல்பின்” என்றார் சார். பிறகு பதிவேட்டைத் திறந்து அறுபத்தொன்று எந்தப் பக்கம் என்று தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். சட்டையை எடுத்தேன். காலருக்குள் தைத்திருந்த நம்பர் நாடாவைப் பல்லால் கடித்துப் பிரித்தேன், நூல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. மாமி இரண்டு கையாலும் வாங்கி முகத்தில் வைத்து மோந்தாள். ஒரு தரம். இன்னொரு தரம், கக்கத்துப் பக்கம். எனக்குத் தெரியும் அங்கே என்ன இருக்கிறது என்று, சோப்பும் பாச்சை உருண்டையும்தான். “தொவச்சியா” என்றாள். “தொவச்சேன் மாமி.” “என்னைக்கு?” “போன அன்னைக்கே.” ஜெனிலா பெஞ்சுக்கு அடியிலிருந்து வந்து, “பாட்டி அப்பாவ வெளிய எடுத்துட்டா” என்று எல்லோருக்கும் அறிவித்தாள். மாமி சட்டையை மடித்தாள், நாலாக, பிறகு எட்டாக, ஒரு சின்னப் பொட்டலம் அளவுக்கு, அதை மாராப்புக்குள் வைத்துக்கொண்டு படிக்குப் போனாள். சட்டியை நிமிர்த்தினாள், இடுப்பில் வைத்தாள். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அன்னைக்கு நான் ஊறுகா கொண்டு வந்தேன்.” “தெரியும் மாமி.” “முற்றமெல்லாம் வாரியல் கோடு.” நான் நிலையைப் பிடித்துக்கொண்டேன், அன்றைக்குப் பிடித்த மாதிரியே. “நான் ஒருத்திகிட்டயும் சொல்லல” என்றாள். நாலு வருஷம். மாமி வாயில் அது நாலு வருஷம் நின்றிருக்கிறது. படி இறங்கினாள், மணலில் இரண்டு அடி வைத்தாள், நின்று திரும்பினாள்.

“சனிக்கெழம பெட்டிய எடுத்துட்டுப் போன பொறவு முற்றத்தத் தூத்தாத, பிள்ளே. கொஞ்ச நாள் அப்பிடியே கெடக்கட்டும்.”